ரீவைண்டர் இயந்திரத்துக்கு டி.சி. மோட்டார் வடிவமைப்பு: 36 கிலோவாட்டா, 12 கிலோவாட்டா?

பீன்யாவாசி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் மோட்டார்களுக்குச் சுருள் கட்டும் பட்டறை நடத்தி வருகிறேன். இதுவரை எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, இருந்தபடியே மறுபடி சுருள் கட்டிக் கொடுப்பதுதான் எங்கள் வேலையாக இருந்தது. இப்போது வாடிக்கையாளர் ஒருவர் காகித ரீவைண்டர் (காகிதத்தைக் குழலில் சுருளாகச் சுற்றும் இயந்திரம்) ஒன்றுக்குப் புதிதாக ஒரு டி.சி. மோட்டாரையே வடிவமைத்துத் தரும்படி கேட்டிருக்கிறார். அவரிடம் இரு திசையிலும் மின்னோட்டம் தரக்கூடிய தைரிஸ்டர் கன்வெர்ட்டர் (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் மின்னணுக் கருவி) ஒன்று நல்ல நிலையில் இருப்பதால் டி.சி. வேண்டும் என்கிறார்.

விவரங்கள் இவை. காகிதம் நிமிடத்துக்கு 120 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அதன் இழுவிசை 3,000 நியூட்டன் அளவில் மாறாமல் நிற்க வேண்டும். வெற்றுக் குழலின் விட்டம் 100 மி.மீ., நிறைந்த காகிதச் சுருளின் விட்டம் 600 மி.மீ. இடையில் நான்குக்கு ஒன்று கியர்பாக்ஸ் உள்ளது. மின்வழங்கல் 415 வோல்ட் மூன்று ஃபேஸ். ஆர்மேச்சருக்கு, அதாவது மோட்டாரின் சுழலும் பகுதிக்கு, 440 வோல்ட் என்று எடுத்துக்கொண்டேன்.

நிறைந்த சுருளில் தேவைப்படும் முறுக்குவிசை 900 நியூட்டன் மீட்டர். கியருக்குப் பின்னால் மோட்டாரில் அது 225. வெற்றுக் குழலில் மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,528 சுற்று சுற்ற வேண்டும். இவ்விரண்டையும் பெருக்கினால் 36 கிலோவாட் வருகிறது. ஆனால் 3,000 நியூட்டனை நொடிக்கு 2 மீட்டரால் பெருக்கிப் பார்த்தால் காகிதம் எடுத்துக்கொள்ளும் திறன் வெறும் 6 கிலோவாட்தான். 1,500 சுற்றில் 7.5 கிலோவாட் தரும் மோட்டாரே போதும் என்று ஒருவர் சொல்கிறார். ஆறு மடங்கு இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெளிவாகவில்லை.

சுருள்கட்டி

நல்ல கேள்வி. முதலில் அந்த 7.5 கிலோவாட் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். 1,500 சுற்றில் 7.5 கிலோவாட் என்றால் அதன் முறுக்குவிசை ஏறத்தாழ 48 நியூட்டன் மீட்டர்தான். உங்களுக்கு வேண்டியது 225. காகிதச் சுருள் நிறைய நிறைய அந்த மோட்டார் திணறி எரிந்து, அதையும் பிரித்து மறுபடி சுருள் கட்ட வேண்டிய நிலை வரும்.

மோட்டாரின் வேகம், ஆர்மேச்சரில் எழும் எதிர் மின்னியக்கு விசையை ஃபீல்டின் (சுழலாத காந்தத் துருவச் சுருளின்) காந்தப் பாயத்தால் வகுத்த அளவுக்கு ஒத்திருக்கும். முறுக்குவிசையோ காந்தப் பாயத்தை ஆர்மேச்சர் மின்னோட்டத்தால் பெருக்கிய அளவுக்கு ஒத்திருக்கும். ஃபீல்டை முழுதாக வைத்துக்கொண்டு ஆர்மேச்சர் மின்னழுத்தத்தை மட்டும் ஏற்றி இறக்கினால் எல்லா வேகத்திலும் ஒரே முறுக்குவிசையைப் பெறலாம். பிளாஸ்டிக் எக்ஸ்ட்ரூடருக்கு அது பொருந்தும். ரீவைண்டரின் குணம் வேறு. விட்டம் பெருகும்போது வேகம் குறைகிறது, முறுக்குவிசை கூடுகிறது, இரண்டின் பெருக்குத்தொகை மாறுவதில்லை. ஒரே நேரத்தில் வராத உச்ச முறுக்குவிசையையும் உச்ச வேகத்தையும் பெருக்கியதால்தான் உங்களுக்கு 36 வந்தது. மின்னழுத்தத்தை உச்சத்தில் நிறுத்திவிட்டு ஃபீல்டை மெலிவித்து வேகத்தை ஏற்றினால் மோட்டாருக்கும் அதே குணம் வந்துவிடுகிறது.

ஆகவே அடிப்படை வேகத்தை 1,528-இல் வைக்காமல் 509-இல் வையுங்கள். அதற்கு மேல் மூன்று மடங்கு வரை ஃபீல்டை மெலிவித்து ஏறலாம். அதற்குக் கீழே, நிறைந்த சுருளுக்கான 255 சுற்று வரை மின்னழுத்தத்தால் இறங்கலாம். 225 நியூட்டன் மீட்டரை 509 சுற்றில் தரும் மோட்டார் 12 கிலோவாட் மோட்டார். 36 கிலோவாட்டுக்கு ஆர்மேச்சர் மின்னோட்டம் ஏறத்தாழ 93 ஆம்பியர் வரும். இதற்கு 32, 33 போதும். மோட்டாரும் மூன்றில் ஒரு பங்காகச் சிறுத்துவிடும்.

அல்சூர்ப்பொறியாளர்

சுருள்கட்டி ஐயா சொன்னதில் கடைசி வாக்கியத்தை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. நான் டிரைவ் பக்கத்தில், அதாவது மோட்டாரை இயக்கும் மின்னணுக் கருவிகளில், வேலை செய்பவள். இந்தத் தவறான எண்ணத்தால் மோட்டாருக்குப் போதிய இடம் விடாமல் இயந்திரச் சட்டத்தை வெட்டிவிட்டு, பிறகு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மோட்டாரின் உடல் அளவைத் தீர்மானிப்பது முறுக்குவிசை. ஆர்மேச்சர் விட்டத்தின் வர்க்கத்தை அதன் நீளத்தால் பெருக்கினால் வரும் கன அளவு, திறனைச் சுழற்சி வேகத்தால் வகுத்த எண்ணுக்கு ஒத்தது. அந்த எண் முறுக்குவிசையே. காற்றிடைவெளியின் சராசரிக் காந்த அடர்த்தியை 0.5 டெஸ்லா என்றும், ஆர்மேச்சர் சுற்றளவில் ஒவ்வொரு மீட்டருக்கும் 20,000 ஆம்பியர்-கடத்தி என்றும் எடுத்துக்கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 509 சுற்றில் 12 கிலோவாட்டுக்கும், 1,528 சுற்றில் 36 கிலோவாட்டுக்கும் ஒரே விடைதான் கிடைக்கும்: ஏறத்தாழ 0.0143 கன மீட்டர். இரும்பும் செம்பும் குறையப் போவதில்லை.

மிச்சமாவது மோட்டாருக்கு வெளியே உள்ளவை. தைரிஸ்டர்கள், ஃபியூஸ்கள், கேபிள், மின்மாற்றியில் விழும் சுமை ஆகிய அனைத்தும் மூன்றில் ஒரு பங்காகும். பழைய கன்வெர்ட்டர் எத்தனை ஆம்பியருக்கானது என்பதைப் பீன்யாவாசி முதலில் பார்க்க வேண்டும். அது 100 ஆம்பியர் தரக்கூடியதாக இருந்தால் ஃபீல்டை மெலிவிப்பதற்கான முக்கியக் காரணமே போய்விடும்.

440 வோல்ட் பற்றியும் ஒரு சொல். ஆறு துடிப்பு கன்வெர்ட்டர் 415 வோல்ட்டிலிருந்து அதிகபட்சம் 560 வோல்ட் தரும் என்பதால் 440 தாராளமாகத் தோன்றும். ஆனால் பிரேக் போடும்போது மோட்டார் ஆற்றலை மின்வழங்கலுக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்த நேரத்தில் தூண்டு கோணத்தை (தைரிஸ்டரைத் திறக்கும் தருணத்தை) ஏறக்குறைய 150 பாகைக்கு மேல் கொண்டுபோக முடியாது. அங்கே எதிர்த்து நிற்கக் கிடைப்பது 485 வோல்ட் மட்டுமே. மின்வழங்கல் பத்து விழுக்காடு சரிந்தால் அதுவும் 436 ஆகிவிடும். தொழிற்பேட்டைகளில் அந்தச் சரிவு அபூர்வமில்லை. அந்த நொடியில் தைரிஸ்டர் அணையாமல் போனால் ஃபியூஸ்கள் வெடிக்கும். ஆர்மேச்சரை 420 வோல்ட்டுக்கு வடிவமைப்பதே பாதுகாப்பு.

பீன்யாவாசி

மிக்க நன்றி, அம்மா. கன்வெர்ட்டரின் தகட்டைப் பார்த்தேன்: 60 ஆம்பியர். ஆகவே 93 ஆம்பியர் வழி அடைபட்டுவிட்டது. ஃபீல்டை மெலிவிக்கத்தான் வேண்டும். ஆர்மேச்சர் விட்டம் 270 மி.மீ., நீளம் 200 மி.மீ., நான்கு துருவங்கள் என்று எடுத்திருக்கிறேன். துருவ இடைவெளி 212 மி.மீ. வருவதால் நீளத்துக்கும் அதற்கும் உள்ள விகிதம் சரியாக இருக்கிறது. சுருளை எப்படி அமைப்பது என்று வழிகாட்ட வேண்டுகிறேன்.

சுருள்கட்டி

அல்சூர்ப்பொறியாளரின் திருத்தத்தை ஏற்கிறேன். நான் சொன்னது பிழை.

சுருளுக்கு வருவோம். 33 ஆம்பியருக்கு அலைச்சுருள் போதும். இரண்டே இணைவழிகள், சமன்செய் இணைப்புகள் தேவையில்லை. கம்யூட்டேட்டரில் (பிரஷ்கள் தொட்டு ஆர்மேச்சருக்கு மின்னோட்டம் தரும் செம்புக் கட்டைகளின் வளையம்) அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையே சராசரியாக 15 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால் 420 வோல்ட்டுக்கும் நான்கு துருவத்துக்கும் குறைந்தது 112 கட்டைகள் வேண்டும். 39 காடிகள் (சுருள் அமரும் பள்ளங்கள்), காடிக்கு மூன்று சுருள் வீதம் 117 கட்டைகள் என்று வையுங்கள். நான்கு துருவ அலைச்சுருளுக்குக் கட்டைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். 117 அதற்குப் பொருந்துகிறது, எனவே மின்சுற்றில் சேராத வெற்றுச் சுருள் ஒன்றை வீணாக வைக்கும் தேவை வராது. இணைப்புத் தாவல் 58 அல்லது 59. சுருளுக்கு ஐந்து சுற்று வைத்தால் மொத்தம் 1,170 கடத்திகள். 509 சுற்றில் 400 வோல்ட் எதிர் மின்னியக்கு விசை எழுவதற்குத் துருவத்துக்கு ஏறத்தாழ 0.02 வெபர் காந்தப் பாயம் போதும். சுற்றளவுச் சுமை மீட்டருக்குச் சுமார் 23,000 ஆம்பியர்-கடத்தி வரும். தனி ஊதுவிசிறி இருந்தால் தாங்கும்.

இனிச் சொல்வதுதான் இந்த மோட்டாரின் உயிர்நிலை. ஃபீல்டை மெலிவிக்கும் மோட்டாரில் விலை கொடுக்கும் இடம் கம்யூட்டேட்டர்தான். 1,528 சுற்றில் உங்கள் ஆர்மேச்சரில் பாதி மின்னோட்டம் ஓடும். ஃபீல்டோ மூன்றில் ஒரு பங்காக மெலிந்திருக்கும். அதாவது ஃபீல்டோடு ஒப்பிட்டால் ஆர்மேச்சரின் எதிர்வினை, முழுச்சுமையில் அடிப்படை வேகத்தில் இருந்ததைவிட ஒன்றரை மடங்கு ஆகிறது. துருவ முகத்தின் ஒரு விளிம்பில் காந்த அடர்த்தி குவிகிறது. அந்த விளிம்புக்குக் கீழே வரும் சுருளின் கட்டைகளுக்கு இடையே மின்னழுத்தம் சராசரியைத் தாண்டி எகிறுகிறது. 30 வோல்ட்டை நெருங்கினால் கட்டைக்குக் கட்டை பொறி தாவி வளையமாகப் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. பிரஷுக்கு அடியில் மின்னோட்டம் திசை மாறும் சுருளில் எழும் தன்தூண்டல் மின்னழுத்தமும் அப்படியே: மின்னோட்டம் பாதி, வேகம் மூன்று மடங்கு, ஆகவே அதுவும் ஒன்றரை மடங்கு.

இதைச் சரிக்கட்டுவது இன்டர்போல், அதாவது முதன்மைத் துருவங்களுக்கு இடையே வைக்கும் சிறு துணைத் துருவம். அதன் சுருள் ஆர்மேச்சரோடு தொடரிணைப்பில் இருப்பதால் மின்னோட்டத்துக்கு ஏற்பத் தானே வலுப்பெறும். மோட்டாரில் அதன் துருவத்தன்மை, சுழலும் திசையில் அதற்குப் பின்னால் உள்ள முதன்மைத் துருவத்தினுடையதாக இருக்க வேண்டும். ஜெனரேட்டரில் இது நேர்மாறு. இந்த ஒரு விஷயத்தில் தலைகீழாக இணைத்த மோட்டார்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். சுமை ஏறியதும் பிரஷ் முழுவதும் பொறி பறக்கும். இன்டர்போலுக்கும் யோக்குக்கும் (துருவங்களைத் தாங்கும் வெளி இரும்புச் சட்டம்) நடுவில் காந்தமற்ற தகடுகளை வைக்க இடம் விட்டுச் செய்யுங்கள். சோதனையின்போது தகட்டைக் கூட்டியும் குறைத்தும் பொறியற்ற நிலையைப் பிடிப்பது கணக்கில் மட்டும் முடியாத வேலை.

புதியவன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இன்று பெரும்பாலான ரீவைண்டர்களில் இன்டக்‌ஷன் மோட்டாரும் வெக்டர் டிரைவும்தானே வருகின்றன? கம்யூட்டேட்டர், பிரஷ் என்ற தொல்லைகளே இல்லாத வழி இருக்கும்போது இவ்வளவு பாடுபட வேண்டுமா?

அல்சூர்ப்பொறியாளர்

புதிய இயந்திரம் என்றால் நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் இங்கே மின்வழங்கலுக்கு ஆற்றலைத் திருப்பித் தரும் கன்வெர்ட்டர் ஏற்கெனவே இருக்கிறது. அதே வசதியுள்ள ஏ.சி. டிரைவுக்கு இரண்டாவது கன்வெர்ட்டர் ஒன்று முன்பக்கத்தில் வேண்டும்; செலவு கூடும். வேகத்தைக் கட்டுப்படுத்த டி.சி. மோட்டாரைப் பயன்படுத்தும் மரபு 1891-இல் ஹாரி வார்டு லியோனார்டின் ஜெனரேட்டர் முறையிலிருந்து வருகிறது. நம் பெங்களூரிலும் 1946-இல் தொடங்கிய கிர்லோஸ்கர் எலக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள் வழியே இந்தத் தொழில்திறன் வேரூன்றியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகளில் இந்த மோட்டார்கள் இன்னும் பல ஆண்டுகள் இருக்கும்; அவற்றைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவருவதுதான் எனக்குக் கவலை.

பீன்யாவாசிக்கு ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. யோக்கை வார்ப்பாகவோ கனத்த உருட்டுத் தகடாகவோ செய்யாமல், துருவங்களைப் போலவே மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்யுங்கள். தைரிஸ்டர் தரும் மின்னோட்டம் மட்டமான நேர்மின்னோட்டம் அன்று. ஆறு துடிப்பில் 300 ஹெர்ட்ஸ் அலைவு அதன்மேல் ஏறியிருக்கும். மேலும் டிரைவ் மின்னோட்டத்தைக் கண நேரத்தில் ஏற்றி இறக்கும். கனத்த இரும்பில் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து இன்டர்போலின் காந்தப் பாயத்தைத் தாமதப்படுத்தும். மின்னோட்டம் முன்னே ஓட, அதைச் சமன்செய்ய வேண்டிய பாயம் பின்தங்கி வரும். சீரான சுமையில் ஒரு பொறியும் காட்டாத மோட்டார், வேகம் மாறும்போது மட்டும் பொறி கக்குவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பழைய ஜெனரேட்டர் காலத்து மோட்டாரைத் தைரிஸ்டரில் இணைத்தவர்கள் இதை அனுபவித்திருப்பார்கள்.

கரித்துண்டு

பிரஷ் பற்றி யாரும் இன்னும் பேசாததால் எழுதுகிறேன். பல ஆண்டுகளாக எனக்கு இதுதான் தொழில்.

பெரிதாக வைத்தால் நீண்ட நாள் உழைக்கும் என்று நினைத்துப் பலர் பிரஷை அளவுக்கு மீறி வைக்கிறார்கள். எலக்ட்ரோ-கிராஃபைட் பிரஷுக்குச் சதுர செ.மீ.க்கு 8 முதல் 10 ஆம்பியர் வரை ஓடுவது இயல்பு. கம்யூட்டேட்டரின் மேல் படியும் பழுப்பு நிறப் படலம், செம்பு ஆக்சைடும் கிராஃபைட்டும் சேர்ந்தது. அது உருவாகி நிலைப்பதற்கு மின்னோட்டமும் வேண்டும், காற்றில் ஈரப்பதமும் வேண்டும். மின்னோட்ட அடர்த்தி நெடுநாள் மிகக் குறைவாக இருந்தால் படலம் சீர்கெட்டு, பிரஷ் முகத்தில் செம்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு, கம்யூட்டேட்டரில் நூல் சுற்றியதுபோல் வரிகளைக் கீறும். ஓர் ஆலையில் தேவைக்கு இரண்டு மடங்கு பெரிய மோட்டார் இருந்தது. எட்டு மாதத்துக்கு ஒருமுறை கம்யூட்டேட்டரைக் கடைந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் (பிரஷ்களைத் தாங்கும் கிளை) இருந்த பிரஷ்களில் பாதியை எடுத்துவிடச் சொன்னேன், கீறல் நின்றது. எடுக்கும்போது எல்லாக் கைகளிலும் ஒரே தடத்தில் உள்ளவற்றைத்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் மோட்டாரில் நேர்முனைக் கைகள் இரண்டு. முழுச்சுமையில் கைக்கு 16.5 ஆம்பியர். காகிதச் சுருள் சிறியதாக இருக்கும்போது அதில் பாதிதான் ஓடும்; சுருள் நிறைய நிறைய முழு அளவை நெருங்கும். கம்யூட்டேட்டர் விட்டம் 190 மி.மீ. என்றால் கட்டை இடைவெளி 5.1 மி.மீ.; பிரஷின் தடிமன் இரண்டரைக் கட்டையை மூட 12.5 மி.மீ. சரியாக இருக்கும். கைக்கு 12.5-க்கு 16 மி.மீ. பிரஷ் ஒன்றே போதும். ஒன்று சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று அஞ்சினால் 12.5-க்கு 10 மி.மீ. பிரஷ் இரண்டு வையுங்கள். 12.5-க்கு 25 இரண்டு என்று மட்டும் போய்விடாதீர்கள்; முழுச்சுமையிலேயே 2.6 ஆம்பியர்தான் வரும்.

பீன்யாவாசி

உண்மையைச் சொன்னால், என் வரைபடத்தில் 12.5-க்கு 25 இரண்டுதான் இருந்தது. கையிருப்பில் அந்த அளவுப் பிடிப்பான்கள் கிடந்ததால் அப்படிப் போட்டிருந்தேன். மாற்றிவிட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். தண்டிலேயே விசிறி வைத்தால் போதாதா? வேகம் நிலையாக இருக்கட்டும் என்று ஃபீல்டில் கொஞ்சம் தொடர்சுருளும் (ஆர்மேச்சர் மின்னோட்டமே ஓடும் சுருள்) சேர்க்கச் சொல்கிறார்கள்; சேர்க்கலாமா?

சுருள்கட்டி

விசிறி போதாது. நிறைந்த சுருளில் மோட்டார் 255 சுற்றில் முழு மின்னோட்டத்தோடு நிற்கும். வெப்பம் அதிகமாகவும் காற்று குறைவாகவும் இருக்கும் நேரம் அதுவே. தனி மோட்டார் பொருத்திய ஊதுவிசிறியைக் கம்யூட்டேட்டர் பக்கம் மேலே வைத்து, காகிதத் தூசிக்கு வடிகட்டியும் வையுங்கள். வடிகட்டி அடைத்துக்கொண்டால் டிரைவை நிறுத்தும் காற்றழுத்த சுவிட்சும் அவசியம். காப்புப்பொருள் எஃப் வகுப்பு, அதாவது 155 பாகை. வெப்ப உயர்வைப் பி வகுப்பின் அளவில் நிறுத்தப் பாருங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், 1,000 மீட்டர் வரை மோட்டாரின் தகுதி குறைவதில்லை என்பதால் அதற்காக எதையும் கழிக்க வேண்டாம்.

தொடர்சுருளை நான் சேர்க்க மாட்டேன். மெலிந்த ஃபீல்டில் ஆர்மேச்சர் எதிர்வினையால் பாயம் மேலும் குறைந்து, சுமை ஏற ஏற வேகமும் ஏறும் நிலையைத் தடுக்கத்தான் அதை வைப்பார்கள். ஆனால் உங்கள் மோட்டார் பிரேக் போடும்போது ஆர்மேச்சர் மின்னோட்டம் திசை திரும்பும். உதவிய சுருள் அப்போது ஃபீல்டை எதிர்க்கும். நிறைந்த சுருளை அவசரமாக நிறுத்தும் நேரம் அது. சுருளின் நிலைமத் திருப்புத்திறன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் பெருகுவதால் பிரேக் மின்னோட்டமும் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் ஃபீல்டை இழப்பதைவிட, வேகத்தை டேக்கோ ஜெனரேட்டர் (வேகத்தை அளக்கும் சிறு ஜெனரேட்டர்) கொண்டு டிரைவே பார்த்துக்கொள்ளட்டும்.

அல்சூர்ப்பொறியாளர்

முழுவதும் உடன்படுகிறேன். ஃபீல்டு மின்னோட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஆர்மேச்சரைத் துண்டிக்கும் ரிலேவையும் மறக்க வேண்டாம். வெற்றுக் குழல், சுமை இல்லை, ஃபீல்டு கம்பி அறுந்தது என்றால் எஞ்சிய காந்தத்தை வைத்துக்கொண்டு மோட்டார் வேகமெடுக்கும். கம்யூட்டேட்டர் கட்டைகள் பிய்ந்து பறக்கும் வரை அது நிற்காது. ரிலேயின் அளவை முழு ஃபீல்டுக்கு அமைத்துவிட்டால் மெலிவிக்கும்போதெல்லாம் தவறாக அறுக்கும். ஆகவே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே வையுங்கள். அதிவேக சுவிட்ச் ஒன்றைத் தண்டிலேயே தனியாகப் பொருத்துவதும் நல்லது. டேக்கோவின் இணைப்பு தளர்ந்தால் டிரைவுக்கு வேகம் பூஜ்யம் என்றே தெரியும்.

பீன்யாவாசி

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஆர்மேச்சர் கட்டி, வார்னிஷ் இட்டு, சமநிலையும் பார்த்தாகிவிட்டது. மோட்டாரைக் கோத்து, சுமையின்றி 1,528 வரை ஓட்டினோம். ஒரு திசையில் பொறி எதுவும் இல்லை. மறு திசையில் ஓட்டினால் பிரஷின் பின்விளிம்பில் மெல்லிய நீலப் பொறி தெரிகிறது. வேகமும் ஏறக்குறைய 40 சுற்று மாறுகிறது. இன்டர்போல் தகடுகளை மாற்றிப் பார்க்கலாமா?

சுருள்கட்டி

தகடுகளை இப்போது தொடாதீர்கள். திசைக்குத் திசை வேகம் மாறுகிறது என்றால் பிரஷ் சட்டம் நடுநிலைக் கோட்டில் இல்லை என்று பொருள். மோட்டாரை நிறுத்தி, ஆர்மேச்சரை மின்வழங்கலிலிருந்து கழற்றி, அடுத்தடுத்த இரண்டு பிரஷ் கைகளுக்கு இடையே மில்லிவோல்ட் மீட்டரை இணையுங்கள். ஃபீல்டுக்குச் சிறிய மின்னோட்டத்தைக் கொடுத்து வெட்டி வெட்டி விடுங்கள். ஒவ்வொரு முறையும் முள் உதைக்கும். பிரஷ் சட்டத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, உதை மிகக் குறையும் இடத்தில் இறுக்குங்கள். ஆர்மேச்சரை நான்கைந்து நிலைகளில் நிறுத்தி அதையே திரும்பப் பாருங்கள். பிரஷ் முகங்கள் முழுவதும் படிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த அளவீடு ஏமாற்றும்.

பீன்யாவாசி

கம்யூட்டேட்டரின் மேல் அளந்தபோது சட்டம் ஏறக்குறைய 3 மி.மீ. நகர வேண்டியிருந்தது. இப்போது இரு திசைகளிலும் வேக வேறுபாடு 5 சுற்றுக்குள் நிற்கிறது; நீலப் பொறி மறைந்துவிட்டது. அடுத்த வாரம் 33 ஆம்பியர் சுமையில் இன்டர்போல் தகடுகளைச் சோதிக்கப் போகிறேன்.

கரித்துண்டு

சுமைச் சோதனைக்கு முன் ஒரு வார்த்தை. கம்யூட்டேட்டர் பக்க மூடியை அடைக்க சிலிக்கோன் பசை எதையும் பயன்படுத்தாதீர்கள். அதன் ஆவி பிரஷுக்கு அடியில் எரிந்து சிலிக்காவாக மாறி, உப்புத்தாள்போல் பிரஷைத் தேய்த்துவிடும். மாதக்கணக்கில் உழைக்க வேண்டிய பிரஷ் சில நாட்களில் தீர்ந்துபோகும். ரப்பர் அல்லது கார்க் கேஸ்கெட் போடுங்கள்.